ஜாரியாவா, நெய்வேலியா: எந்தக் கரி தன் மரத்தைக் காட்டிக்கொடுக்கும்?

தில்லித் தமிழர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒரு நெய்வேலிக்காரர் இருப்பார். அவர் எதிரில் ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரியை உயர்த்திப் பேசிப் பாருங்கள், காபி ஆறும்வரை விடமாட்டார். அடுப்பு என்று வந்தால் அவர் கட்சி தோற்கும். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை தில்லிவரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேற்றுவது தண்ணீருக்குக் கூலி கொடுப்பதுதான். சுரங்கத்தை ஒட்டியே மின்நிலையங்களைக் கட்டியது அதனால்தான். ஜாரியா கரியிலோ சாம்பல் அதிகம், ஆனாலும் காற்றில்லாமல் சுட்டால் அது கோக் என்ற கெட்டிக் கரி ஆகும், இரும்பு உருக்கும்.

சரி, கரியைப் பார்த்து 'நீ எந்தச் செடியிலிருந்து வந்தாய்?' என்று கேட்டால்? அங்கே என் ஓட்டு நெய்வேலிக்கு.

ஜாரியா படிவு பெர்மியன் காலத்தது, 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. பூக்கும் தாவரம் என்ற ஒன்றே அப்போது இல்லை. நாக்கு வடிவ இலை கொண்ட குளோசாப்டெரிஸ்தான் அந்தக் காட்டின் ராஜா. நெய்வேலிப் படிவு மயோசீன் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய காலம்) என்பது வழக்கமான கணக்கு; அதற்குள் பூக்கும் மரங்கள் நிலத்தைப் பிடித்துவிட்டன.

இந்த வித்தியாசம் மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளிலேயே எழுதியிருக்கிறது. அது கார்பன் வளையங்கள் கோத்த பெரிய மூலக்கூறு. பூவாத விதைத்தாவரங்களின் லிக்னின் வளையத்தில் பெரும்பாலும் ஒரு மெத்தாக்சில் தொகுதிதான் (ஆக்சிஜன் வழியாக ஒட்டிய மெத்தில்) உண்டு. பூக்கும் மரங்களில் இரண்டு உள்ள வளையங்களும் ஏராளம். சதுப்பில் புதைந்ததும் செல்லுலோஸை நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடும், லிக்னின் தாக்குப்பிடிக்கும். பழுப்பு நிலக்கரி ஆகும்போது மெத்தாக்சிலின் மெத்தில் கழன்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆக்சிஜன் உள்ள கேடெகால் வகை வளையம் மிஞ்சுகிறது. இன்னும் சூடேறினால் ஆக்சிஜனும் குறைந்து, ஒன்றே மிஞ்சும் பீனால். அப்புறம் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஜாரியா அந்தக் கட்டத்தையும் தாண்டியது. எண்ணிப் பார்க்க மெத்தாக்சிலே இல்லை. நெய்வேலியில் அழிப்பு பாதியில் நிற்கிறது.

கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டையும் பொடித்து, நீர்த்த காஸ்டிக் சோடாவில் போட்டுச் சூடாக்குங்கள். நெய்வேலிப் பொடி, மக்கிய செடியிலிருந்து வரும் பழுப்பு நிற ஹியூமிக் அமிலங்களைக் கக்கி, கரைசலை டிகாஷன் நிறமாக்கிவிடும். ஜாரியா பொடி அடியில் கிடக்கும், மேலே தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். (தில்லியில் சோதிக்க நினைப்பவர்களுக்கு: தந்தூர் கடையில் கிடைப்பது மரக்கரி, அது இந்த ஆட்டத்தில் சேராது. 2023 ஜனவரி 1 முதல் தில்லி வட்டாரத் (என்.சி.ஆர்.) தொழிற்சாலைகளிலும் நிலக்கரிக்குத் தடை, அனல்மின் நிலையங்களுக்கு விலக்கு உண்டு.)

ஜாரியா தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அங்கே செடியின் பெயரைச் சொல்வது கரிக்கு இடையே உள்ள களிப்பாறை. இலை நரம்புவரை அச்சுப் பதிந்திருக்கும். ஆனால் அது பாறை சொல்லும் சாட்சி, கரி சொல்வதல்ல.

மூலக்கூறே சாட்சி சொல்ல, பிசினைப் போல வேறில்லை. குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு கிடைத்த சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பரை (கல்லாகிய மரப்பிசினை) ஆராய்ந்தபோது, கேடினீன் என்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பாலிமர் தெரிந்தது. குங்கிலியம் தரும் சால் மரக் குடும்பத்தின் பிசினும் அதே அமைப்புதான். அந்த அம்பருக்குள் பூச்சிகள்கூட முழுசாக இருந்தன. இதற்கு ஈடாக ஜாரியா எதையும் நீட்ட முடியாது.

அசாமின் மாக்கும் கரியும் இளசுதானே என்பார்கள். இளசுதான், ஆனால் அதில் மிகுந்திருக்கும் கந்தகம் மரம் தந்ததல்ல. பெரும்பகுதி கடல்நீரின் சல்பேட்டை பாக்டீரியா மாற்றியதால் சேர்ந்தது. அதை வைத்து மரத்தைக் கண்டுபிடிக்க முடியாது.