கல்யாண வீடியோவை டிவிடியாக்க எது தோது?

செங்கோட்டையில் கல்யாணம் என்றால் பாதிச் சொந்தம் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளாவில்தான் இருக்கும். 1956 வரை இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததுதானே. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று பெண் கொடுத்து எடுத்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை. இளவட்டங்களுக்கு வீடியோவை வாட்ஸப்பில் தட்டிவிடலாம். அத்தைக்கும் ஆச்சிக்கும் டிவிடிதான் சரி. அவர்கள் வீட்டுப் பழைய பிளேயரில் ஒழுங்காக ஓடுமா என்பதை வைத்தே, வீடியோவை டிவிடியாக்கும் மென்பொருள்களை எடைபோடுகிறேன்.

பிளேயர் கேட்பது இதுதான்: எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம், அளவு 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். நம் நாட்டு டிவியின் ‘பால்’ (PAL) முறை அது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், பெரும்பாலும் ஏசி-3 என்ற ஒலி முறை. போனில் எடுத்த எம்பி4 இதற்கு ஒத்துவராது, மாற்றியே ஆகவேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதில் என் ஓட்டு டிவிடி ஸ்டைலருக்கு. மாற்றுவது, மெனு போடுவது, டிஸ்க்கில் எழுதுவது மூன்றும் ஒரே இடத்தில் முடியும். டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று கீழே காட்டிக்கொண்டே இருக்கும். புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே ‘பால்’, 16:9 (அகலத் திரை விகிதம்) இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பழைய டிவியின் 4:3 ஆனாலும் 16:9 ஆனாலும் டிவிடியில் படத்தின் அளவு அதே 720க்கு 576தான். எந்த விகிதத்தில் விரிப்பது என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே போகும். அந்தக் குறிப்பு தப்பினால் முகமெல்லாம் மாறிவிடும். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒரு ஸ்டுடியோ போட்டுக் கொடுத்த டிஸ்க்கில் இதுதான் நடந்தது. தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை ஒட்டடைக் கம்பு மாதிரி நீண்டு நின்றார். “ஏய்யா, பொண்ணு ஏன் இப்படி மெலிஞ்சு போச்சு?” என்று தென்மலை அத்தை போனில் கேட்டதோடு சரி, டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டோம்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் கன்வர்ட் எக்ஸ் டு டிவிடி. ஃபைலை உள்ளே போட்டு பட்டனைத் தட்டினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். வருடத்தில் நாலைந்து விசேஷத்துக்கு டிஸ்க் போடுகிறவருக்குப் பரவாயில்லை. ஒரே ஒரு சடங்கு வீடியோவுக்காக வாங்குவது வீண். டிவிடி ஃபிளிக் பற்றி இன்னும் சிலர் சொல்வார்கள். அது 2009க்குப் பிறகு பெரிதாக வளரவில்லை. இப்போதைய போன்கள் பல எச்இவிசி என்ற சுருக்கு முறையில் பதிவு செய்கின்றன, அது 2013இல் வந்தது. ஆக, ஃபிளிக்கை விட்டுவிடலாம். ஹேண்ட்பிரேக்கையும் இந்த வேலைக்குத் தேடாதீர்கள். அது டிஸ்க்கில் இருப்பதை எம்பி4 ஆக்கும், எம்பி4ஐ டிஸ்க் ஆக்காது.

பழைய கேம்கார்டரின் மினிடிவி (MiniDV) கேசட்டிலிருந்து எடுத்த படம் என்றால் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள்தான் என் கை போகும் இடம். கட்டளை அடிக்கப் பயப்படாதவர்களுக்கு மட்டும். ‘பால் டிவிடி’ என்று இலக்கைச் சொன்னால் அளவு, ஃபிரேம், ஒலி எல்லாவற்றையும் அதுவே பொருத்திவிடும். ஆனால் படத்துக்கு நொடிக்கு 6000 கிலோபிட், ஒலிக்கு 448 என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் 4.7 ஜிபி டிஸ்க்கில் அடங்கும், இரண்டு மணி நேரம் அடங்காது. நலங்கும் மறுவீடும் சேர்த்து இரண்டு மணி நேரம் போகிற வீடியோவுக்கு 4500 என்று நாமே குறைத்துவிட வேண்டும். இன்னொன்று, கேசட் படம் இன்டர்லேஸ் ஆனது. ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பிரித்த இரண்டு அரைப்படம், அதில் மினிடிவி கீழ் வரியில் தொடங்கும். எச்டி கேம்கார்டர் பெரும்பாலும் மேல் வரியில் தொடங்கும். இந்த வரிசை புரண்டால், ஊர்வலத்தில் யார் கையை வீசினாலும் படம் முன்னும் பின்னும் உதறும். கம்ப்யூட்டரில் பார்த்தால் பல சமயம் தெரியாது, பழைய டியூப் டிவியில்தான் காட்டிக் கொடுக்கும். இன்டர்லேஸ் என்று எஃப்எஃப்எம்பெக்குக்குத் தனியாகச் சொல்லியாக வேண்டும், தானாக அப்படி எழுதாது. மாற்றிய ஃபைலை டிவிடி ஸ்டைலரில் ‘காப்பி’ என்று வைத்துச் சேர்த்தால் மறுபடி மாற்றாமல் அப்படியே டிஸ்க்கில் ஏற்றும். அதுதான் முக்கியம், இரண்டு தடவை மாற்றினால் பட்டுச்சேலையின் சரிகை மங்கிவிடும்.

போனை நிறுத்திப்பிடித்து எடுத்த வீடியோவை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. அகலத் திரையில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது, மீதியெல்லாம் கறுப்பு.

எதையும் மாற்றாமல் எம்பி4 ஃபைலையே டேட்டா டிஸ்க்காக எழுதுவது நிமிஷத்தில் முடியும். ஆனால் பழைய பிளேயர் பலவற்றுக்கு டிவ்எக்ஸ் ஏவிஐ என்ற பழைய ஃபைல் வகை வரைதான் தெரியும், எம்பி4இல் இருக்கும் எச்.264 படம் வந்தால் விழிக்கும். அத்தை வீட்டுக்குப் புது டிவி வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். யுஎஸ்பி துளை இருந்தால் பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், படமும் டிவிடியைவிடத் தெளிவு.

டிவிடிதான் என்றால் ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வாங்கி, 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதி, ஃபைனலைஸ் (எழுதியதை மூடி முடிப்பது) ஆகும்வரை காத்திருங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டவேண்டாம், சூட்டில் பெயர்ந்து பிளேயருக்குள் மாட்டிக்கொள்ளும். மார்க்கரில் பேரும் தேதியும் எழுதினால் போதும்.