காற்றடிக்கும் நாளில் ஸ்மோக்கர்: தடுப்பா, போர்வையா, பீங்கானா?

டெக்சாஸ் முறையில் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) செய்ய ஸ்மோக்கருக்குள், அதாவது புகையில் மெல்ல வேகவைக்கும் அடுப்புக்குள், 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் சூடு மணிக்கணக்கில் நிலையாக நிற்க வேண்டும். அதைக் கெடுப்பதில் குளிரைவிடக் காற்றுதான் மோசம். குளிர் ஒரே சீராகச் சூட்டை இழுக்கும். கரி கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். காற்றோ இரும்புச் சுவரின் சூட்டை வாரிக்கொண்டு போகும். அடியிலுள்ள காற்றுத் துளை வழியாக உள்ளே புகுந்து கரியை ஊதியும் விடும். ஒரு நேரம் சூடு சரியும், அடுத்த நேரம் எகிறும்.

ஸ்மோக்கரின் மேல் போர்த்தும், சூடு காக்கும் போர்வையைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் துண்டுகளை எரிக்கும், மெல்லிய தகட்டாலான பெல்லட் ஸ்மோக்கருக்கு அது நல்ல துணை. காற்றில் அடுப்பின் உடல் ஆறும்போது அதன் கட்டுப்பாட்டுக் கருவி பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போர்வை அந்தச் செலவைக் குறைக்கும். அந்த மாடலுக்கென்றே தைத்ததை வாங்குங்கள், புகைபோக்கியை மூடாதீர்கள். ஆனால் கரியடுப்பில் போர்வையால் பாதிப் பிரச்சினைதான் தீரும். துளைக்குள் வீசும் காற்றை அது தடுக்காது.

காற்றுத் தடுப்போ, சுவரின் சூடு பறிபோவது, துளைக்குள் காற்று புகுவது இரண்டையும் தீர்க்கும். காற்று வரும் பக்கம் ஒரு பிளைவுட் பலகையோ தகரமோ போதும். நெருப்புப் பெட்டிக்கு அருகில் மரப்பலகை வேண்டாம், அங்கே தகரம்தான். நாலு பக்கமும் அடைத்துவிட்டால் புகை வெளியேறாமல் கறி கசந்துபோகும். செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். கூடவே, வெபர் நிறுவனத்தின் உருளை வடிவ ஸ்மோக்கரில் காற்றைப் பார்த்த அடித்துளைகளை மூடிவிட்டு, மறுபக்கத் துளையால் மட்டும் நெருப்பை ஆளுங்கள். மேல்துளை திறந்தே இருக்கட்டும்.

கமாடோ எனும் தடித்த பீங்கான் அடுப்பு இந்தக் கவலையைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். சுவர் சூட்டை விடாது. அதனால் குறைந்த காற்றே போதும், துளையும் ஒரு கீற்றாகத்தான் திறந்திருக்கும். விலையும் எடையும்தான் தடை. ஒருமுறை சூடு எகிறிவிட்டால் இறங்க வெகு நேரமாகும் என்பதும் உண்டு. காற்று அதிகமுள்ள ஊரில் அடிக்கடி புகை போடுகிறவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

எதைத் தேர்ந்தாலும் மூடியில் பதித்த வெப்பமானியை நம்பாமல், கறிக்குப் பக்கத்தில் கம்பித் தட்டிலேயே ஒன்றை வையுங்கள். ஸ்மோக்கருக்குள் வைக்கும் தண்ணீர்த் தட்டில் கொதிநீரே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் கிடைக்கிற சூட்டையெல்லாம் முதலில் தானே குடித்துவிடும். கறியின் உள்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் நெடுநேரம் நகராமல் நின்றால் காற்றின் மேல் பழிபோட்டுக் கரியைக் கொட்ட வேண்டாம். மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது. எல்லா பிரிஸ்கெட்டிலும் நடப்பதுதான்.

காற்றுக்குப் பயந்து ஸ்மோக்கரைக் கார் கொட்டகைக்குள் தள்ளுவதை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு எனும் நச்சு வாயு தங்கும். அதற்கு மணமே கிடையாது. காற்று அந்த அளவுக்கு அடித்தால் பிரிஸ்கெட்டை வீட்டு ஓவனில் வையுங்கள்.