சிந்துன கதிரா, மூணாம் வருஷ தசமபாகமா?

அறுக்கும்போது சிந்துன கதிரயும் வயல் ஓரத்துல விட்டதயும் ஏழைங்க பொறுக்கிக்கலாம், இது ஒண்ணு. மூணாம் வருஷ விளைச்சல்ல பத்துல ஒரு பங்க (தசமபாகம்) அவங்களுக்குன்னு எடுத்து வைக்கணும், இது இன்னொண்ணு. பைபிள்ல ஏழைங்களுக்கு இருந்த இந்த ரெண்டு ஏற்பாட்டுல எது பெட்டர்னு பைபிள் ஸ்டடில அடிக்கடி குழம்புறாங்க, அதான் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டேன்.

எப்போ கிடைக்கும்?
கதிர்: ஒவ்வொரு அறுப்புக்கும்.
தசமபாகம்: 3 வருஷத்துக்கு ஒரு தடவ (உபாகமம் 14:28).

எவ்ளோ?
தசமபாகம்: பத்துல ஒண்ணு, கணக்கு க்ளியர்.
கதிர்: லேவியராகமம் 19:9 வயல் ஓரத்த தீர அறுக்காதேன்னு மட்டும் சொல்லுது, அளவே இல்ல. பின்னாடி வந்த மிஷ்னாதான் (யூத ரபிகளோட சட்டத் தொகுப்பு) குறைஞ்சது 60ல 1 பங்குன்னு வச்சுது, அதுலயும் 2 கதிர் விழுந்தா ஏழைக்கு, 3 விழுந்தா ஓனருக்குன்னு செம நுணுக்கம்!

உழைப்பு?
கதிர்: குனிஞ்சு பொறுக்கணும். பைபிள்ல வர்ற ஏழை விதவை ரூத் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கி தட்டி அடிச்சா ஒரு மரக்கால் வாற்கோதுமை, அதுவும் வயல் ஓனர் போவாஸ் வேணும்னே அறுத்த கதிர் கட்டுலருந்து சிந்தவிடச் சொன்னதால (இல்லன்னா எவ்ளோ தேறியிருக்குமோ).
தசமபாகம்: ஊர் வாசல்ல வச்சிருப்பாங்க, வந்து சாப்பிடலாம்.

என்னக் கேட்டா, கை கால் நல்லா இருக்குற விதவை, பரதேசிக்கு (வேற நாட்டுலருந்து வந்து தங்குனவங்க) கதிர்தான், யார்கிட்டயும் கை நீட்ட வேணாம். குனிய முடியாத, ரூத்தோட மாமியார் நகோமி மாதிரி வயசானவங்க, சின்ன அநாதைப் பிள்ளைங்க, பங்கு நிலமே இல்லாத லேவியர் (ஆலய வேலை செஞ்ச கோத்திரம்), இவங்களுக்கு தசமபாகம்.