ஊர்ப் பயணத்தில் வெரிகோஸ் வெயின் சிகிச்சை: கேட்டு வாங்க வேண்டியவை

காலில் புடைத்து நெளியும் ரத்தநாளங்களுக்கு லண்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் வரிசையில் காத்திருப்பதைவிட, லீவில் ஊருக்குப் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ முடித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் பலர். நினைப்பு சரிதான், அங்கே இது அன்றாட வேலை. ஆனால் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் எல்லாம் முடித்து, ஃப்ளைட்டுக்கு நான்கு நாள் முன்பு லேசருக்குப் படுப்பது ஆபத்து. லேசர் சூட்டில் மூடிய நாளத்திலிருந்து ரத்தக்கட்டி, தசைக்குள் ஓடும் ஆழ்நாளத்துக்குள் நீளலாம். சிகிச்சைக்குப் பிறகு மறு ஸ்கேன் எடுப்பதே அதைப் பார்க்கத்தான். பத்து மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்தால் கட்டி உருவாகும் வாய்ப்பு கூடும். சிகிச்சைக்குப் பிறகு நான்கு வாரம் கையில் இருந்தால் நிம்மதி. அவ்வளவு லீவு இல்லையென்றால் முதல் சந்திப்பிலேயே டிக்கெட் தேதியை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் வேலை டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். ஸ்கேன் சென்டரில் ‘கால் டாப்ளர்’ என்று மட்டும் கேட்டால், படுக்கவைத்து, ரத்தக்கட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ‘டி.வி.டி. (ஆழ்நாள ரத்தக்கட்டி) இல்லை’ என்று இரண்டு வரி ரிப்போர்ட் கையில் வரலாம். அதை வைத்து எந்தச் சிகிச்சையும் முடிவு செய்ய முடியாது. சீட்டிலேயே ‘வீனஸ் ரிஃப்ளக்ஸ் ஸ்டடி, நின்ற நிலையில்’ என்று எழுதி வாங்குங்கள். கெண்டைக்காலை அமுக்கிவிட்டதும் ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கித் திரும்பி ஓடினால் மேல்நாளத்தின் வால்வு பழுது. எந்த இடத்தில் கசிகிறது, சஃபீனஸ் என்ற நீண்ட மேல்நாளத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஆழ்நாளங்கள் திறந்திருக்கின்றனவா என்ற மூன்றும் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

லேசர், ஆர்.எஃப். (ரேடியோ அலை) இரண்டும் ஒரே வழிதான், பழுதான நாளத்தை உள்ளிருந்து சூடாக்கி மூடுவது. முழங்கால் பக்கம் ஊசித்துளை போட்டு, லேசர் ஃபைபரையோ ஆர்.எஃப். கதீட்டர் என்ற மெல்லிய குழாயையோ உள்ளே விட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே அதன் நுனியைத் தொடை இடுக்குச் சந்திப்புக்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிறுத்துவார்கள். பிறகு நாளத்தைச் சுற்றிலும் மரமரப்பு மருந்து கலந்த சலைன் ஏற்றுவார்கள். வலியைக் குறைப்பதோடு, நாளத்தைச் சுருக்கி, தோலும் நரம்பும் சூடு படாமல் காப்பது இந்தத் தண்ணீர்தான். இது போதாமல் போனால் தோல் சுடும். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் நிற்கலாம். ஆர்.எஃப். கதீட்டர் 7 செ.மீ. துண்டை 120 டிகிரியில் 20 விநாடி சூடாக்கும். பின் இழுத்து அடுத்த துண்டு. லேசர் என்றால் 1470 நானோமீட்டர் அலைநீளமா, சுற்றிலும் ஒளி விடும் ரேடியல் ஃபைபரா என்று கேளுங்கள். பழைய மொட்டை நுனி ஃபைபரைவிட வலியும் கன்றலும் குறைவு.

சில இடங்களில் இதற்கும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, ஒரு ராத்திரி படுக்கவைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லாத வேலை. இறங்கியவுடன் நடப்பதுதான் இந்தச் சிகிச்சையின் லாபமே.

ஃபைபரும் கதீட்டரும் ஒரே தடவை உபயோகிக்க வேண்டியவை. கழுவி மறுபடி போடும் வழக்கமும் உண்டு என்பதால், பேக்கைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். அதன் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ‘பேக்கேஜ்’ என்று சொல்லும் தொகை ஒரு காலுக்கா இரண்டுக்கா, கிளை நாளங்களைச் சிறு துளை வழியே எடுப்பதும் மறு ஸ்கேனும் காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸும் அதில் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். திட்டமிட்ட சிகிச்சைக்கு டிராவல் இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது.

சூட்டுக்குப் பதில் நாளத்தைப் பசை வைத்து மூடும் வழியும் உண்டு, அதற்கு அந்தச் சலைன் ஊசிகள் தேவையில்லை. ஸ்டாக்கிங்ஸும் பெரும்பாலும் கட்டாயமில்லை. ஆனால் உள்ளே நிற்பது சயனோஅக்ரிலேட் என்ற பசை. ஜெல் நகம், செயற்கை இமைமுடி ஒட்டும் பசைக்கு அரிப்பு வந்தவர்கள் இதைத் தொட வேண்டாம்.

சிலந்தி வலை போன்ற மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகளுக்கு லேசர் ஃபைபர் எதற்கு? நுண்ணூசியில் பாலிடொக்கனால் மருந்து செலுத்துவார்கள். மெல்லிய கோட்டுக்கு 0.5 சதவீதம், சற்றுத் தடித்ததற்கு 1. ஒரே தடவையில் முடியாது, இடையில் சில வாரம் விட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். குறுகிய லீவுக்குப் பொருந்தாத சிகிச்சை இதுதான். நம் மாநிறத் தோலில் ஊசி போட்ட இடம் பழுப்பாகத் தங்கலாம், மறைய மாதங்கள் ஆகும். ‘ஒரே நாளில் பளபளக்கும் கால்’ விளம்பரம் அதைச் சொல்லாது. அடியில் கசிவு இருக்க, மேலே மட்டும் ஊசி போட்டால் கோடுகள் திரும்ப வரும்.

வீடு திரும்பிய பிறகு, ஒரு வாரம் கழித்து உள்தொடையில் கயிறு இழுப்பதுபோல் இருப்பது சாதாரணம். கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரி. நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட அத்தை வந்து நிற்பார். மூடிய நாளத்தின் மேல் நீவல் வேண்டாம்.

ஸ்டாக்கிங்ஸ் ஐரோப்பிய அளவில் கிளாஸ் 2, அதாவது 23 முதல் 32 எம்.எம். பாதரச அழுத்தம். அளவு காலையில், வீக்கம் ஏறுமுன், கணுக்கால், கெண்டைக்கால், தொடை மூன்றிலும் எடுக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களும் காலில் நாடி பலவீனமானவர்களும் முதலில் தமனி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளாமல் அணியக் கூடாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் துணி நழுவாது, நகம் பட்டுக் கிழியாது.