அப்பாவுக்கு எந்தக் கை?

பெற்றோர் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டை அவர்கள் வயதுக்கு ஏற்றபடி மாற்றவென்றே இந்தத் தடவை ஊருக்குப் போனேன். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் திங்கள்நகருக்கும் நடுவில். பின்பாதி தாத்தா காலத்து ஓட்டு வீடு. முன்பாதி, அப்பா வளைகுடாவில் இருந்தபோது எழும்பிய கான்கிரீட். அப்பா பக்கவாதம் வந்து தேறியவர். இடது கையில் இன்னும் பிடி இல்லை, வலது கையில் நாலு கால் கைத்தடி வைத்து நடக்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி. இதே வேலையை மனதில் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாமானுக்குப் பஞ்சமே இல்லை. கைப்பிடிக் கம்பி, குளியல் நாற்காலி, கம்மோடு மேல் வைத்து இருக்கையை உயர்த்துகிற ரைசர், ஆள் வந்தால் எரிகிற விளக்கு எல்லாம் நாகர்கோவிலில் கிடைக்கின்றன. கடையில் இல்லாததை ஆன்லைனில் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பணம் கொடுப்பதும் இப்போது சுலபம்: வெளிநாட்டில் இருக்கிற நாம் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு பிரிட்டன் செல்போன் எண்ணை இணைத்தே யூபிஐ வைத்துக்கொள்ளலாம். கிடைக்காதது ஒன்றுதான். கடைக்காரர் விற்கிறார், கொத்தனார் பதிக்கிறார், பிளம்பர் குழாய் இணைக்கிறார். "இதில் உட்காரப் போகிறவரை ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், பார்க்கிறேன்" என்று இவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் இருக்கிற இங்கிலாந்தின் லெஸ்டரில் என் மாமியாருக்கு முட்டு ஆபரேஷன் ஆனபோது, கவுன்சிலில் (அங்கத்து உள்ளாட்சி) இருந்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வந்தார். அன்றாட வேலைகளைத் தானே செய்ய வீட்டை எப்படி மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறவர் அவர். நாற்காலி உயரத்தை அளந்தார், மாமியாரின் முழங்கால் உயரத்தை அளந்தார், படுக்கையில் இருந்து கழிப்பறை வரை அவரை நடக்கச் சொல்லிப் பின்னாலேயே போனார். இங்கிலாந்தில் 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சின்ன மாற்றங்களைக் கவுன்சில் இலவசமாகச் செய்து தர வேண்டும். பெரிய வேலைக்கு 30,000 பவுண்டு வரை மானியமும் உண்டு, வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். காத்திருந்து காத்திருந்து அலுத்துப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் அந்தக் காத்திருப்பு இல்லை, காலையில் பேசினால் மாலையில் சுவரை உடைத்துவிடுகிறார்கள். அந்த வேகமே சமயத்தில் வினை.

ஆடி மாதம். புது வீட்டுக்கு நிலை வைக்க மாட்டார்கள், ஆகவே கொத்தனார் கிடைப்பார் என்பது என் கணக்கு. பாதிதான் பலித்தது. கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் கூலி கூடுதல் என்பதால் கை தேர்ந்தவர்கள் பலர் திருவனந்தபுரம் பக்கம் போய்விடுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் வயதானவர், வேலை சுத்தம். ஆனால் எதைக் கேட்டாலும் "வீட்டுக்காரரு எப்ப வருவாரு மக்ளே?" என்பார். லெஸ்டரில் இருக்கிற என் கணவருக்கு எங்கள் குளியலறையில் என்ன தெரியும்? சிமெண்டு கணக்கை மணல் உட்பட நான் எழுதிக் காட்டிய பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது.

குளியலறைதான் முக்கியமான வேலை, அதில்தான் பாடமும் அதிகம். கழிப்பறைக் கம்மோடு வைக்க பிளம்பர் மூலையில் குறி போட்டிருந்தார். உட்கார்ந்தால் இடது பக்கம் சுவர், வலது பக்கம் வெட்டவெளி. கம்பியை அந்தச் சுவரில் அடிக்கலாம் என்றார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அப்பாவுக்குப் பிசியோதெரபி செய்ய வருகிறவர் அன்று தற்செயலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்குப் பிடி இருக்கிற கை எது?" என்று கேட்டார். இத்தனை பேர் வந்து போன வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். தரையை எப்படியும் உடைக்கிறோம் என்று கம்மோடை எதிர் மூலைக்கு மாற்றினோம். பிளம்பருக்குக் கோபம், கூடுதல் கூலி கொடுத்ததும் தணிந்தது. யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: கொத்தனாரைப் பார்ப்பதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு அழைத்து, அவர் கையில் சாக்பீஸைக் கொடுத்துச் சுவரில் குறி போடச் சொல்லுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, கொடுக்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் கேட்டுக்கொள்ளலாம்.

கம்பிக்கு வருகிறேன். டவல் கம்பியே போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போதாது. விழப்போகிற ஆள் தன் முழு எடையையும் அதில்தான் போடுவார். எங்கள் உள்சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். பிளாஸ்டிக் பிளக்கில் முறுக்கிய திருகு ஆட ஆரம்பித்துவிடும். சுவரைத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டோம். கொத்தனாரே தொங்கிப் பார்த்தார். இன்னொரு விஷயம், எங்கள் வீட்டில் இருந்து குளச்சல் கடல் கிட்டத்தான். உப்புக் காற்றுக்கு 202 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும், 304 கூட நாளடைவில் கறை கட்டும், 316 தான் நிற்கும். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். 202, 304 இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது, அந்தச் சோதனையால் வித்தியாசம் தெரியாது. நான் ஆன்லைனில் வாங்கிய ஒன்று 304 என்று எழுதி வந்து, ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் திருகு ஓரத்தில் பழுப்புக் காட்டியது. பில்லில் கிரேடு எழுதித் தருகிறவரிடம் வாங்குங்கள்.

டைல்ஸ் கடையில்தான் பொறுமை சோதிக்கப்பட்டது. பளபளப்பு இல்லாத மேட் பினிஷ் கேட்டேன். "அக்கா, இதப் பாருங்க, முகம் பாக்கலாம்" என்று கண்ணாடி போல ஒன்றைக் காட்டுகிறார்கள். வழுக்காது என்று அட்டையில் போட்டிருக்கும் ஆர் 10, ஆர் 11 எண்கள், எண்ணெய் தடவிய சரிவில் பூட்ஸ் போட்டு நடந்து பார்த்துக் கொடுப்பவை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு தரம் உண்டு. நம் ஆட்கள் குளியலறையில் பூட்ஸா போடுகிறார்கள்? விற்பனைப் பையனுக்கு இது தெரியவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு துண்டு டைலை வாங்கி வந்து, சோப்புத் தண்ணீரும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் விட்டு, வெறுங்காலால் மிதித்துப் பார்த்தேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் விடாத வீட்டுக்கு அதுதான் சரியான பரீட்சை. கடைசியில் சொரசொரப்பான, சின்ன அளவு டைல் எடுத்தோம். இணைப்புக் கோடுகள் கூடுதலாக இருப்பதால் காலுக்குப் பிடி கிடைக்கும். முதல் லோடில் பளபளா ரகத்தைத்தான் ஏற்றி அனுப்பினார்கள். வண்டியை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

உயரத்தில் ஒரு தகராறு. அரசு வழிகாட்டிகளில் கம்மோடு இருக்கை 450 முதல் 480 மில்லிமீட்டர் வரை சொல்லியிருக்கிறது. அப்பா நெட்டை, அவருக்கு அது வசதி. அம்மா குள்ளம், அந்த உயரத்தில் கால் தரையைத் தொடாது. ஆகவே சாதாரண உயரத்தில் வைத்து, அப்பாவுக்கு மட்டும் கிளாம்பு போட்ட ரைசர். கிளாம்பு இல்லாமல் சும்மா மேலே வைக்கிறதை வாங்கவே வாங்காதீர்கள். கதவையும் மாற்றினோம். இரண்டேகால் அடிக் கதவு மூன்று அடியானது, வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே ஆள் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் தள்ள முடியாது. பூட்டும் வெளியில் இருந்து நாணயம் வைத்துத் திருப்பக் கூடியது.

அப்பாவின் குறை ஒன்றே ஒன்று: "ஆசுபத்திரி மாதிரி ஆக்கிப் போடாத மக்ளே."

அவருக்குச் சமாதானம் சொன்னது நானல்ல, ஆசாரி. ஓட்டு வீட்டு அறைக்குள் போகிற வழியில் இரண்டு அங்குல நிலைப்படி. அப்பாவின் இடது கால் இடிப்பது அதில்தான். அறுத்து எடுத்துவிடலாம் என்றேன். நிலைப்படியை அறுப்பதா என்று அம்மா கண் கலங்கிவிட்டார். ஆசாரி ஒன்றும் பேசாமல் அளந்துகொண்டு போய், அயனி மரப் பலகையில் இரண்டு பக்கமும் இரண்டு அடி நீளத்துக்குச் சரிவு செய்து கொண்டுவந்து, படியைத் தொடாமலே பொருத்தினார். ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடும் இழுத்தார், கண் மங்கினவர்களுக்குத் தெரியட்டும் என்று. பத்மநாபபுரம் அரண்மனையைக் கட்டின ஊர்க் கை இன்னும் இருக்கிறது. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேலே வேலை செய்தவர் அவர்தான்.

மின்வேலை பற்றிச் சுருக்கமாக. இன்வெர்ட்டர் இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் மின்விசிறிக்கும் டிவிக்கும்தான் லைன் கொடுத்திருப்பார்கள், கழிப்பறை விளக்குக்கு இருக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நாட்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. முதல் லைனே கட்டிலில் இருந்து கழிப்பறை வரைக்கும் உள்ள விளக்குகளுக்குத்தான் என்று எலெக்ட்ரீஷியனிடம் வாதாடி வாங்கினேன்.

இனி முன்வாசல். மழைத் தண்ணீருக்குப் பயந்து நம் வீடுகளை உயர்த்திக் கட்டுவார்கள். எங்கள் தரை முற்றத்தில் இருந்து இரண்டரை அடி. பத்து அங்குல உயரத்தில் மூன்று படி. சரிவுப் பாதை கட்டலாம் என்றதும் கொத்தனார் பக்கத்து வீட்டைக் காட்டினார். அது பைக் ஏற்றுகிற சரிவு. சக்கர நாற்காலியைத் தள்ளினால் தள்ளுகிறவரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. எங்களுக்கு முப்பது அடி வேண்டும், நடுவில் திரும்புகிற இடம் தனி. முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லை. இப்போதைக்குச் சக்கர நாற்காலி தேவையும் இல்லை. எனவே மூன்று படியை ஆறு அங்குலத்தில் ஐந்து படியாக்கி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். இரண்டு பக்கமும் ஏன் என்று கேட்டார்கள். ஏறும்போது வலது கை ஒரு பக்கம், இறங்கும்போது அதே வலது கை மறுபக்கம் அல்லவா வரும்?

பின்னால் தேவைப்படலாம் என்று கிழக்குச் சுவரோரம் முப்பது அடியைக் காலியாக விட்டு வந்திருக்கிறேன். அம்மாவுக்கு அங்கே ஏதாவது நட வேண்டுமாம். வாழை வைத்துக்கொள்ளுங்கள், தென்னை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.