ஊருணிச் சேற்றுக்கு எந்தச் சோதனை: ஏம்ஸா, வெங்காயமா?

கோடையில் கண்மாய் வற்றினால் எங்கள் காரைக்குடிப் பக்கம் டிராக்டர் இறங்கிவிடும். வண்டல் வயலுக்குப் போகும். ஊருக்குள் கிடக்கும் ஊருணிகளின் கதை வேறு. தெருச் சாக்கடை, எரித்த டயரின் கரி, கரைத்த சிலையின் சாயம் எல்லாம் மழையோடு வந்து அடியில் படிந்துவிடுகின்றன. அந்தச் சேற்றில் மரபணுவைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பழைய சோதனைகள் உண்டு: பாக்டீரியாவை வைத்துச் செய்யும் ஏம்ஸ் சோதனை, வெங்காய வேரை வைத்துச் செய்யும் வெங்காயச் சோதனை.

ஏம்ஸ் சோதனை 1970களில் அமெரிக்காவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் வகுத்தது. வளர்வதற்குத் தேவையான ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு பழுதான சால்மொனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் போதாத தட்டில் விடுவார்கள். நஞ்சு பட்டு அந்தப் பழுது தற்செயலாகச் சரியானால் பாக்டீரியா பிழைத்துப் புள்ளி புள்ளியாக வளரும். 37 டிகிரியில் 2 நாள் வைத்துப் புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். இந்தப் பாக்டீரியாவில் டிஏ98 ரகம் மரபெழுத்து (டிஎன்ஏவின் எழுத்து) கூடுவதையும் குறைவதையும் காட்டும். டிஏ100 எழுத்து மாறுவதைக் காட்டும். டயர்ப் புகையில் வரும் பென்சோபைரீன் போன்றவை உடம்புக்குள் போய் ஈரலில் மாறிய பிறகுதான் நஞ்சாகும். அதற்காக எலி ஈரல் சாற்றையும் கலப்பார்கள்.

சேறு என்று வரும்போதுதான் சிக்கல். அதை அப்படியே தட்டில் கொட்ட முடியாது. கரைப்பானில் சாறு இறக்க வேண்டும். அப்போது உலோகங்களில் பெரும்பகுதி சேற்றோடே தங்கிவிடும். சாறு கடுமையாக இருந்தால் பாக்டீரியாவே செத்துப்போகும். புள்ளி குறைந்திருப்பதைப் பார்த்து 'சேறு சுத்தம்' என்று ஏமாந்துவிடலாம்.

வெங்காயத்துக்கு இந்த வம்பு இல்லை. சந்தையில் சின்ன வெங்காயம் பொறுக்கும்போது அடித்தட்டு அழுகாமல், முளை விடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். "குழம்புக்கு இம்புட்டுப் பார்வையா தம்பி?" என்றார் பக்கத்தில் நின்ற ஆச்சி. காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு ஈரச் சேற்றின் மேலேயே உட்கார வைக்கலாம். சில நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியில் 2 மில்லிமீட்டர் வெட்டிச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கினால் 16 குரோமோசோம்களும் தடித்தடியாகத் தெரியும். பிளவுறும் செல்லில் பிரியும் இரு குரோமோசோம் பாதிகளுக்கு நடுவே இழுபட்ட நூல் மாதிரி ஒரு பாலம் நின்றாலோ, துண்டு ஒன்று தனியே கிடந்தாலோ சேதம்தான். 1938இல் இந்த வழியைத் தொடங்கிய ஆல்பர்ட் லெவான்தான், 1956இல் ஜோ ஹின் ஜியோவுடன் சேர்ந்து மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று காட்டியவர்.

வெங்காயத்துக்கும் குறை உண்டு. ஓரெழுத்து மாற்றம் அதன் கண்ணில் படாது. ஆயிரக்கணக்கில் செல் எண்ணிக் கழுத்து வலிக்கும்.

என் வரிசை இதுதான்: முதலில் வெங்காயம். சுத்தமான மண்ணில் வளர்ந்த வேரைவிட ஊருணிச் சேற்றில் வளர்ந்ததில் சேதம் கூடினால், அந்தச் சேற்றை மட்டும் ஏம்ஸுக்கு அனுப்பலாம். கூடாவிட்டாலும் டயர் எரித்த கரையோரச் சேற்றை மட்டும் விடமாட்டேன், அதுவும் ஏம்ஸுக்குப் போகும்.