ரெண்டர் ஓடும்போது பிரவுசர் இறுகாமல் இருக்க: நைஸ், சிபியு வெயிட் பாவித்த அனுபவம்

பண்டாரவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: "கேடென்லைவில் கல்யாண வீடியோ ரெண்டர் போட்டால் பிரவுசர் இறுகிப்போகுது மச்சான், புது லெப்டொப் எடுக்கவா, நைஸ் போட்டால் சரிவருமா?" கேடென்லைவ் என்பது நாங்கள் லினக்ஸில் பாவிக்கும் வீடியோ எடிட்டிங் செயலி, ரெண்டர் என்றால் எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக ஆக்கும் வேலை. ஹட்டனில் எங்கள் கடையிலும் இதே கரைச்சல்தான். ரெண்டர் ஓடும் நேரம் பார்த்துத்தான் தோட்டத்திலிருந்து யாராவது பிள்ளையின் விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்ப வருவார்கள்.

நைஸ் தெரிந்ததுதான், லினக்ஸில் ஒரு வேலைக்குக் கொடுக்கும் முன்னுரிமை எண், மைனஸ் 20 முதல் 19 வரை, எண் கூடக்கூட அந்த வேலை மற்றதுக்கு வழிவிடும். எனக்குக் கோபம் வருவது அது செய்துவிட்டதாகக் காட்டுகிற விதத்தில். ஓடும் வேலைகளைப் பட்டியலிட்டுக் காட்டும் எச்டாப்பைத் திறந்து, ரெண்டரைச் செய்கிற மெல்ட் வரியில் நின்று எஃப்8-ஐ அழுத்தினால் 19 வரை அழகாக ஏறும். பிரவுசர் அப்படியே திக்கிக்கொண்டிருக்கும். த்ரெட்களை (ஒரு செயலிக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளை வேலைகளை) மறைத்து வைத்திருந்தால் காரணம் கண்ணில் படாது. பெரிய எச்-ஐ அழுத்திப் பிரித்துப் பாருங்கள், 19 ஆனது முதல் த்ரெட் மட்டும், சிபியுவைத் தின்கிற மற்றதெல்லாம் 0-விலேயே நிற்கும். லினக்ஸில் நைஸ் எண் த்ரெட்டுக்குத் த்ரெட் தனி. போதாததற்கு, 2011-இல் லினக்ஸின் 2.6.38 கெர்னலோடு வந்த, ஒவ்வொரு செஷனின் வேலைகளையும் தனிக் குழுவாக்கும் ஆட்டோகுரூப் இயங்கும் இடத்தில் அந்த எண் ஒரே செஷனுக்குள்தான் எடுபடும். திரும்ப 0-வுக்குக் கொண்டுவர ரூட் (நிர்வாகி) அனுமதி வேறு. கடையில் நிற்கிற தம்பியிடம் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க முடியுமா?

சரி, எனக்குக் கைகொடுத்தது லினக்ஸில் வேலைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி. கேடிஈ டெஸ்க்டொப்பின் மெனு எடிட்டரில் கேடென்லைவ் கட்டளைக்கு முன்னால் சிஸ்டம்டி-ரன், யூசர், ஸ்கோப், சிபியு வெயிட் (சிபியுவில் எவ்வளவு பங்கு என்ற எண்) 20 என்று சேர்த்தேன். மற்ற செயலிகளுக்கு வழமையாக 100. கேடிஈ ஒவ்வொரு செயலியையும் தனித்தனிக் குழுவாக வைப்பதால் இழுபறி வந்தால் பிரவுசருக்கு ஐந்து பங்கு, ரெண்டருக்கு ஒரு பங்கு. பிரவுசர் சும்மா இருந்தால் ரெண்டர் முழு சிபியுவையும் எடுத்துக்கொள்ளும். எந்தத் த்ரெட்டும் தப்பாது, கேடென்லைவ் தொடக்கிவிடுகிற மெல்ட்டும் அதே கணக்கில் வரும். சிஸ்டம்டியின் புதிய பதிப்புகளில் இந்த எண்ணை ஏற்றவும் இறக்கவும் கடவுச்சொல்லே கேட்பதில்லை. ரெண்டர் பாதியில் இருக்கும்போதே விண்ணப்பம் நிரப்பி, பிரிண்டும் எடுத்துக் கொடுக்கிறோம், அவ்வளவு சுகம்.

ஆனாலும் இதை நம்பி லினக்ஸுக்கு மாறு என்று நான் எந்தக் கடைக்காரருக்கும் சொல்ல மாட்டேன். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாஸ்க்பாரில் வலது கிளிக் செய்து "இது மெதுவாக ஓடட்டும்" என்று தெரிவுசெய்ய ஒரு வழி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.